இரத்தக் குழாயின் உட்சுவரைக் காப்போம்

இரத்தக் குழாய்களின் உட்புறத்தை ஒற்றை அடுக்கு உயிரணுக்களே போர்த்தியுள்ளன. எல்.டி.எல். கொழுப்புத் துகள்கள் மிகும்போது, அவை இவ்வடுக்கைக் கடந்து சுவருக்குள் தங்கி ஆக்சிஜனேற்றம் அடைகின்றன. நாள்பட்ட எண்ணெயில் காறல் வாடை எழுவதும் இதுபோன்ற மாற்றமே.

கெட்டுப்போன இத்துகள்கள் உட்சுவர் உயிரணுக்களைப் புண்படுத்துகின்றன. குழாயைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடு குறைகிறது. வெள்ளை அணுக்கள் சுவருக்குள் நுழைந்து, துகள்களை விழுங்கி, நுரை அணுக்களாக உப்பிப் படிகின்றன. அப்படிவு வெடித்து இரத்தம் உறைந்தால் மாரடைப்போ பக்கவாதமோ நேரலாம்.

இவை ஆண்டுக்கணக்கில் வலியின்றி நிகழ்வதால், நலமாக இருப்பதாக எண்ணி மாத்திரையை நிறுத்திவிடுவோர் உண்டு. கொழுப்பளவு குறைந்திருப்பது அம்மாத்திரையின் பயனே. வைட்டமின் ஈ மாத்திரை அதற்கு ஈடாகாது. ஆகவே, மருத்துவரைக் கேளாமல் எந்த மருந்தையும் நிறுத்த வேண்டாம், புகைபிடிப்பதைக் கைவிடுங்கள், இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வையுங்கள் எனக் கேட்டுக்கொள்கிறோம்.