மறுக்கத் தெரிந்த துணை

பார்வையற்றோர்க்கு வழிகாட்டும் நாய்களைப் பழக்கும் 'சீயிங் ஐ' நிறுவனம் 1929-இல் அமெரிக்காவில் தோன்றியது. அங்கே குட்டியை முதலில் ஒரு குடும்பம் ஓராண்டுக்கு மேல் அன்புடன் வளர்த்து, பிரிய மனமின்றித் திருப்பியளிக்கின்றது. பின்னர்ப் பயிற்றுநர் சில திங்கள் பழக்குகின்றார். இறுதியாக, பெறுபவரின் நடைவேகம், உடல்வலிமை, வாழும் சூழல் ஆகியவற்றை ஆய்ந்தே நாயை அவருடன் இணைக்கின்றனர்.

செல்லும் வழியை அறிந்து கட்டளையிடுபவர் மனிதரே. ஆயினும், அவர் 'செல்' என்ற பின்னரும், எதிரே வண்டி விரைந்து வருமாயின் நாய் அசையாது நிற்கும். அம்மறுப்பும் பயிற்சியில் கற்றதே. சினவாது அதனை நம்பி நிற்க அவரும் கற்கின்றார்.

நம் இல்லங்களில் கீழ்ப்படிதலையே நாம் பெரிதும் போற்றுகின்றோம். நம் நலம் கருதி நம்மைத் தடுத்து நிற்பவரின் அன்பையும் அறிந்துகொள்வோமாக!