பாட்டுக்கான பணம் பிளாக்செயின் வழியாக வருமா?

2015 அக்டோபரில் பிரிட்டிஷ் பாடகி இமோஜன் ஹீப் தன் ‘டைனி ஹியூமன்’ பாட்டை உஜோ மியூசிக் என்ற சோதனைத் தளத்தில் விற்பனைக்கு வைத்தார். விலை 60 சென்ட். ரசிகர் ஈதர் என்ற மின்நாணயத்தில் பணம் கட்டியதும் இடையில் யாரும் கை வைக்காமல் அது பங்கு பிரிந்தது: ஹீப்புக்கு 91.25 சதவீதம், பாட்டில் அவரோடு உழைத்த ஏழு பேருக்கு ஆளுக்கு 1.25 சதவீதம். வழக்கமாக ராயல்டி கலைஞர் கைக்கு வந்து சேர மாதக்கணக்கில் ஆகும். இங்கே சில நிமிடங்கள் போதுமானதாக இருந்தது.

விற்றது 222 பிரதி. மொத்த வசூல் 133 டாலர் 20 சென்ட். அந்த ஏழு பேரில் ஒருவருக்குக் கிடைத்த பங்கு 1 டாலர் 66 சென்ட். கிராமி விருது வாங்கிய பாடகிக்கே இதுதான் கதி.

கணக்கு மிகச் சுத்தம், வசூல்தான் இல்லை. பத்தாண்டு கழித்தும் பிளாக்செயின் இசைத் தளங்களின் நிலவரத்தை இந்த ஒரு வரியில் சொல்லிவிடலாம்.

பிளாக்செயின் என்பது பல கணினிகளில் ஒரே நேரத்தில் எழுதப்படும் பொதுப் பேரேடு. எழுதியதை யாரும் தனியாக அழிக்கவோ திருத்தவோ முடியாது. இன்ன தொகை வந்தால் இன்னாருக்கு இவ்வளவு என்ற நிபந்தனையை நிரலாக எழுதி அதில் பதித்துவிடுவதற்குப் பெயர் ஸ்மார்ட் கான்ட்ராக்ட். பாட்டுக் கோப்பு பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கும். பேரேட்டில் இருப்பது டோக்கன் எனும் சீட்டு. சீட்டு வாங்கியவருக்குப் பாட்டின் காப்புரிமை வந்துவிடாது. தனியாக ஒப்பந்தம் எழுதினால் ஒழிய அவர் கையில் இருப்பது வெறும் சீட்டுதான்.

இதற்கு ஒரு தேவை இருந்தது என்பதை மறுக்க முடியாது. ரசிகர்களிடம் முன்பணம் திரட்டி ஆல்பம் போட உதவிய பிளெட்ஜ்மியூசிக் நிறுவனம் 2019-இல் திவாலானபோது, ரசிகர் கொடுத்த பணம் பல கலைஞர்களுக்குப் போய்ச் சேரவே இல்லை. பணம் நிறுவனத்தின் வங்கிக் கணக்கில் தங்காமல் நேரே கலைஞரிடம் போயிருந்தால் அந்த மோசம் நடந்திருக்காது. பிளாக்செயின் ஆதரவாளர்கள் சொல்வதில் வலுவான வாதம் இதுதான்.

இந்த வழியில் நிஜமாகவே பணம் திரட்டியவர்களும் உண்டு. லாஸ் ஏஞ்சல்ஸ் இசைக்கலைஞர் டேனியல் ஆலன் 2021-இல் மிரர் தளத்தில் தன் ‘ஓவர்ஸ்டிமுலேட்டட்’ ஆல்பத்துக்காக 50 ஈதர் திரட்டினார். அன்றைய விலையில் அது ஒரு லட்சம் டாலருக்கு மேல். பதிலுக்கு, ஒலிப்பதிவு உரிமையில் தனக்கு வரும் வருமானத்தில் பாதியை ஆதரவாளர்களுக்கு எழுதிக் கொடுத்தார். இசை நிறுவனம் எதன் வாசலிலும் அவர் நிற்கவில்லை. அதே ஆண்டில் தொடங்கிய ராயல் என்ற தளம் இதையே தொழிலாக்கியது. ராப் பாடகர் நாஸ் 2022 ஜனவரியில் ‘அல்ட்ரா பிளாக்’, ‘ரேர்’ ஆகிய இரு பாட்டுகளின் ஸ்ட்ரீமிங் ராயல்டியில் பாதியை டோக்கன்களாக அங்கே விற்றார். பாட்டு வருமானத்தைப் பங்கு போட்டு விற்பது புதிதல்ல. டேவிட் போவி 1997-இலேயே தன் பாடல்களின் வருமானத்தை ஈடுவைத்துப் பத்திரம் வெளியிட்டு 5.5 கோடி டாலர் திரட்டியவர். அது பெரிய நிறுவனத்துக்கான முதலீடு; ராயல், சில்லறை ரசிகரையும் உள்ளே விட்டது.

அப்படி உள்ளே போன ரசிகருக்கு என்ன தேறும்? ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். 50 டாலர் கொடுத்து ஒரு பாட்டின் ஸ்ட்ரீமிங் ராயல்டியில் 0.01 சதவீதம் வாங்குகிறீர்கள். போட்ட 50 டாலர் திரும்ப வர அந்தப் பாட்டு 5 லட்சம் டாலர் ராயல்டி ஈட்ட வேண்டும். ஒரு முறை கேட்டால் 0.4 சென்ட் என்று வைத்தால் பாட்டு 12.5 கோடி முறை ஓட வேண்டும். நாஸ் பாட்டு ஓடலாம். முதல் ஆல்பம் போடும் பையனுடைய பாட்டு?

ஆக, 2021-22-இல் டோக்கன் வாங்கியவர்களில் பலர் பாட்டைக் கேட்க வாங்கவில்லை, அதிக விலைக்கு விற்கத்தான் வாங்கினார்கள் என்பது என் கணிப்பு. மின்நாணயச் சந்தை 2022-இல் சரிந்ததும் அந்தக் கூட்டம் கலைந்தது. கூடவே இன்னொரு வாக்குறுதியும் உடைந்தது. டோக்கன் ஒவ்வொரு முறை கைமாறும்போதும் படைத்தவருக்கு ஒரு பங்கு வந்துகொண்டே இருக்கும் என்றுதான் கலைஞர்களிடம் சொல்லியிருந்தார்கள். உண்மையில் அந்தப் பங்கை வசூலித்துக் கொடுத்தது பேரேடு அல்ல, விற்பனைத் தளங்களே. போட்டி முற்றியதும் அவை பின்வாங்கின. அவற்றில் பெரிய தளங்களில் ஒன்றான ஓப்பன்சீ, 2023 ஆகஸ்ட் 31-க்குப் பிறகு வரும் புதிய தொகுப்புகளுக்கு அந்தப் பங்கு கட்டாயமில்லை என்று அறிவித்துவிட்டது. மாற்றவே முடியாது என்று நம்பவைத்த ஏற்பாடு ஒரே அறிவிப்பில் மாறிப்போனது.

ஆடியஸ் என்ற பிளாக்செயின் இசைத் தளத்தின் கதை வேறு விதம். இங்கே ரசிகர் பாட்டை இலவசமாகக் கேட்கலாம். வாராந்தரப் பட்டியலில் முந்தும் பாட்டுகளுக்குத் தளம் தன் சொந்த டோக்கனைப் பரிசாகத் தந்துவந்தது. கேட்டி பெர்ரி, நாஸ் போன்ற பிரபலங்கள் இதில் முதலீடு செய்திருக்கிறார்கள். 2022 ஜூலையில், வாக்களிப்பு நிரலில் இருந்த ஓட்டையைப் பயன்படுத்தி ஒருவர் போலி வாக்குப் பலத்தைச் சேர்த்துக்கொண்டு, பொதுநிதியிலிருந்த 1.85 கோடி டோக்கனைத் தனக்கே மாற்றிக்கொண்டார். மதிப்பு ஏறக்குறைய 60 லட்சம் டாலர். ஒரேயடியாகச் சந்தையில் கொட்டியதில் அவருக்கே சுமார் 11 லட்சம் டாலர்தான் கிடைத்தது. கலைஞருக்குப் பரிசாக வரும் டோக்கனின் நிஜ விலை எவ்வளவு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

பிளாக்செயின் நல்ல கணக்குப்பிள்ளை; புரவலர் அல்ல. ஐந்து பேர் சேர்ந்து போட்ட பாட்டில் யாருக்கு எவ்வளவு என்ற சண்டையை அது தீர்க்கும். கேட்க ஆளில்லாத பாட்டுக்கு ஆள் பிடித்துத் தராது.

இங்கிருந்து இந்த வழியில் இறங்க நினைக்கும் கலைஞர்கள் வரியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 2022 ஏப்ரல் முதல் இந்தியாவில் மின்நாணயம், டோக்கன் விற்ற லாபத்துக்கு 30 சதவீத வரி. வாங்கிய விலை தவிர வேறு செலவு எதையும் கழிக்க முடியாது, ஒன்றில் வந்த நட்டத்தை இன்னொன்றின் லாபத்தில் ஈடுசெய்யவும் முடியாது. அதே ஆண்டு ஜூலை முதல் பரிமாற்றத்தின்போதே 1 சதவீதம் பிடித்தமும் உண்டு.

டோக்கன் வெளியிடுவதற்கு முன், நீங்கள் பாட்டு எழுதுபவரோ இசையமைப்பவரோ என்றால் இந்தியப் பாடல் ராயல்டி வசூலிக்கும் ஐ.பி.ஆர்.எஸ். சங்கத்தில் உறுப்பினராகுங்கள். பாட்டில் கூட உழைத்தவர்களோடு பங்கு விகிதத்தை எழுத்தில் போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். அந்தத் தாள் இல்லாமல் ஸ்மார்ட் கான்ட்ராக்டில் எழுதவும் எதுவும் இருக்காது.