தொழிலின் நாடி

ஒரு தொழிலைத் தொடங்குவதற்குப் பணமும் துணிவும் வேண்டும். தொடங்கியதை நிறைவேற்றுவதற்கோ, இவற்றோடு இடையறாத கண்காணிப்பும் வேண்டும். வைத்தியர் நாடி பிடித்து உடலின் நிலையை அறிவது போலத் தொழில் நடத்துவோரும் தம் முயற்சியின் நிலையைக் காலந்தோறும் அறிதல் இன்றியமையாதது.

மட்டக்களப்பு மாவட்டத்துக் கிரானில், வாவிக்கு அப்பாலுள்ள வயற்புறத்தில், ஒருவர் அரிசி ஆலை கட்டுவதாகக் கொள்வோம். மதிப்பிட்ட செலவு 100 இலட்சம் ரூபாய். காலம் 10 மாதம். மாதந்தோறும் ஒரே அளவு வேலை நடைபெற வேண்டும். ஐந்தாம் மாத முடிவில் 60 இலட்சம் செலவாகியுள்ளது. பணம் பாதிக்குமேல் சென்றமையால் வேலையும் பாதிக்குமேல் முடிந்தது என்று எண்ணுவது பெரும் பிழை. அளந்து பார்த்தால் பத்தில் நான்கு பங்கு வேலையே முடிந்திருக்கிறது.

முடிந்த வேலையின் மதிப்பு 40 இலட்சம். ஆகவே 20 இலட்சம் மிகையாகச் செலவாகிவிட்டது. வேலையும் ஒரு மாதம் பின்தங்கிவிட்டது. இப்போக்கே நீடித்தால் ஆலை முடிய 150 இலட்சம் ரூபாயும் பன்னிரண்டரை மாதமும் ஆகும். செலவுக் கணக்கை மட்டும் புரட்டுவோருக்கு இவ்வுண்மை புலப்படாது. திட்டமிட்டது, முடிந்தது, செலவானது என்னும் மூன்றையும் ஒருங்கே வைத்து நோக்குவதே முறை.

அடுத்து, எவ்வேலை எதற்காகக் காத்திருக்கிறது என்பதை அறிதல் வேண்டும். வடகீழ்ப் பருவ மாரியில் கிரான் – புலிபாய்ந்தகல் வீதியை வெள்ளம் மூடினால் மக்கள் தோணியிலேதான் செல்வர். அந்நாளில் சீமெந்தும் இயந்திரமும் அக்கரை சேர்வது எங்ஙனம்? ஆதலின் அடித்தளமும் கூரையும் மாரிக்கு முன் முடிந்தாக வேண்டும்; சுவருக்கு வர்ணம் பூசுவது சற்றுத் தாமதித்தாலும் கேடில்லை. அமெரிக்கக் கடற்படை தன் பொலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக 1958ஆம் ஆண்டில் வகுத்த முறையும், வேலைகளின் இத்தகைய சங்கிலித் தொடர்பையே வரைபடமாக்கியது.

ஆலை எழும்பிய பின்பும் கண்காணிப்பு ஓய்வதில்லை. கிரானுக்கு வடக்கே, வாழைச்சேனையில், 1950களில் அரசினர் நிறுவிய காகித ஆலையை எண்ணிப் பார்க்கலாம். அதன் மூலப்பொருள்களுள் ஒன்று வைக்கோல். அறுவடைக் காலத்தில் மலிந்து கிடக்கும் வைக்கோல், மழையில் நனைந்தால் அழுகிவிடும். ஆகவே அதனைச் சேகரிக்கும் நாளும், காக்கும் இடமும், ஏற்றும் கூலியும் வாரந்தோறும் கவனிக்க வேண்டியவை. கழிவுநீர் வாவியைக் கெடுத்தால் மீனவர் பிழைப்பும் கெடும். அதனையும் அளந்து வருதல் வேண்டும். உள்நாட்டுப் போர்க்காலத்தில் அவ்வாலை நலிவுற்றது. பின்னர் நெடுங்காலம் இயங்காது கிடந்தது. போர் தரும் அழிவைக் கணக்கேடு தடுக்காது என்பது மெய்யே. எனினும், ஓர் ஆலை ஓய்ந்தால் எத்தனை குடும்பங்களின் அடுப்பு அணையும் என்பதை அது உணர்த்துகிறது.

கண்காணிப்பு என்பது குற்றம் காணும் வேலையன்று. கெட்ட செய்தியை அஞ்சாது சொல்லும் மேற்பார்வையாளரும், சினவாது கேட்கும் முதலாளியும் வாய்த்த இடத்தில், சிறு குறை சிறிதாகவே திருத்தப்படும். மாதம் ஒருமுறை கணக்கேட்டைத் திறப்பதோடு வேலைத்தளத்துக்கும் நேரிற் செல்வோர், நட்டம் வாசலுக்கு வருமுன் அதன் காலடி ஓசையைக் கேட்டுவிடுவர்.