உடம்போடு நீளும் சென்சார்: 80டி-யில் கிளைம் பண்ணலாமா?

"அண்ணா, நாள் பூரா லேப்டாப்புங்க, கழுத்து போச்சு. குனிஞ்சு உட்கார்ந்தா அதிர்ந்து சொல்ற பட்டை ஒண்ணு இஎம்ஐ-ல வருது. 80டி-ல கிளைம் பண்ணலாமுங்களா?" சரவணம்பட்டியில் ஐடி வேலையில் இருக்கும் தம்பி ஒருத்தர் போன வாரம் கேட்டது.

பதிலை முதல்லயே சொல்லிடறேன்: முடியாது. 80டி-யில் முக்கியமா வருவது மருத்துவக் காப்பீட்டு பிரீமியமும், ₹25,000 வரம்புக்குள்ளேயே ₹5,000 வரை ஹெல்த் செக்கப் செலவும்தான். கருவி வாங்கிய பில் அதில் சேராது. புதிய வரிமுறையில் இருந்தா அந்தப் பேச்சே இல்லை.

அடுத்தது, அந்தப் பட்டை எதை அளக்குது? ஸ்மார்ட் வாட்ச்சில் இருக்கும் ஆக்சிலரோமீட்டர் சாய்வையும் அசைவையும் பார்க்கும். விரல் மடங்குவது, மூச்சு விடும்போது நெஞ்சு விரிவது, மணிக்கட்டில் நாடி துடிப்பது இதெல்லாம் தோல் இழுபடும் விஷயம். அதை நேரடியாப் பிடிக்கத்தான் வளைந்து நீளும் ஸ்ட்ரெய்ன் சென்சார். ரப்பரிலோ நூலிலோ கார்பன் மாதிரி மின்சாரம் கடத்தும் பொருளைப் பூசுவாங்க. இழுத்தா துகள்கள் விலகும், மின்தடை ஏறும்.

மியூச்சுவல் ஃபண்டில் பீட்டா பார்ப்பீங்கல்ல? இங்கே அதுக்குப் பேர் கேஜ் ஃபேக்டர். பழைய உலோகத் தகடு சென்சாருக்கு அது சுமார் 2. அதாவது 1% நீண்டா மின்தடை 2% மாறும். ஆனா உலோகம் சில சதவீதத்துக்கு மேல் தாங்காது. முட்டியை மடக்கினா தோல் அதைவிடப் பல மடங்கு நீளும். அதனாலதான் கிராஃபீன், கார்பன் நானோகுழாய்னு ஆராய்ச்சி ஓடுது.

சிக்கல் என்னன்னு திருப்பூர்க்காரங்களுக்குச் சொல்லவே வேண்டாம். பனியன் கழுத்து துவைக்கத் துவைக்கத் தளரும். சென்சாரும் அப்படித்தான்: இழுத்து விட்டபின் பழைய அளவுக்கு அப்படியே திரும்பாது. வியர்வையும் துவையலும் சேர்ந்தா கணக்கு இன்னும் தப்பும்.

இந்தத் துறைக்கு நம்ம ஊர் புதுசில்லை. மருத்துவ ஜவுளிக்கான சிறப்பு மையம் கோவை சிட்ராவில் இருக்கு. தொழில்துறை ஜவுளிக்கு பி.எஸ்.ஜி.யில். 2020-ல் மத்திய அரசு ₹1,480 கோடியில் தேசிய தொழில்நுட்ப ஜவுளி இயக்கத்துக்கு ஒப்புதல் தந்தது. அதுக்காக "ஸ்மார்ட் டெக்ஸ்டைல்"னு சொல்ற சின்ன கம்பெனி ஷேரை எல்லாம் வாங்கிடாதீங்க. ஆண்டறிக்கையில் அந்தப் பிரிவின் வருமானம் தனியா காட்டியிருக்கான்னு பாருங்க.

தம்பியோட பட்டையின் விவரத்தாளைச் சேர்ந்தே படிச்சோம். உள்ளே இருந்தது ஆக்சிலரோமீட்டர். அது அவர் போன்லயே இருக்கு. இஎம்ஐ-யை விட்டுட்டு, பிசியோதெரபிஸ்ட்கிட்ட அப்பாயின்ட்மென்ட் வாங்கியிருக்கார்.