தைராய்டு கோளாறு: அறிகுறிகளை இனம் காண்பது எப்படி?

குரல்வளைக்குச் சற்றுக் கீழே, மூச்சுக்குழாயின் முன்புறம் வண்ணத்துப்பூச்சி வடிவில் அமைந்திருக்கிறது தைராய்டு சுரப்பி. எடை சுமார் 20 கிராம்தான். உணவிலுள்ள அயோடினைக் கொண்டு டி3, டி4 ஆகிய ஹார்மோன்களை அது தயாரிக்கிறது. உடல் எவ்வளவு வேகமாக ஆற்றலைச் செலவிட வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவை இவையே. ஆகவே இவற்றின் அளவு மாறினால் இதயம், குடல், தோல், மனநிலை, மாதவிடாய் என எல்லாவற்றிலும் அதன் விளைவு தெரியும்.

குறைவாகச் சுரந்தால்

ஹார்மோன் குறையும்போது உடலின் இயக்கம் மந்தமாகிறது. எவ்வளவு தூங்கினாலும் தீராத அசதி, உடல் எடை கூடுதல், மற்றவர்களுக்கு இதமாக இருக்கும் இடத்திலும் குளிர்தல், மலச்சிக்கல், வறண்ட தோல், முடி உதிர்தல், முக வீக்கம், கரகரத்த குரல், மறதி, மனச்சோர்வு ஆகியவை முக்கிய அறிகுறிகள். நாடித்துடிப்பு குறையும், ரத்தத்தில் கொலஸ்ட்ரால் கூடும். பெண்களுக்கு மாதவிடாயின்போது உதிரப்போக்கு அதிகமாகலாம், கருத்தரிப்பதும் தள்ளிப்போகலாம். நோய் எதிர்ப்பாற்றல் சொந்தச் சுரப்பியையே தாக்கும் ஹாஷிமோட்டோ நோய் குறைவான சுரப்புக்கு ஒரு முக்கியக் காரணம். ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹாஷிமோட்டோ 1912இல் இதை விவரித்தார்.

அதிகமாகச் சுரந்தால்

இங்கே நிலைமை நேர்மாறானது. நன்றாகப் பசித்துச் சாப்பிட்டும் உடல் மெலியும். நெஞ்சு படபடக்கும், விரல்கள் நடுங்கும், வியர்த்துக் கொட்டும், வெயில் தாங்காது. அடிக்கடி மலம் கழிதல், தூக்கமின்மை, எரிச்சல், மாதவிடாய்ப் போக்கு குறைதல் ஆகியவையும் உண்டு. நோய் எதிர்ப்பாற்றல் சுரப்பியைத் தூண்டிவிடும் கிரேவ்ஸ் நோயால் இது வந்திருந்தால் கண்கள் பிதுங்கித் தெரியலாம்.

கழுத்து வீக்கம்

சுரப்பு சரியாக இருக்கும்போதும் சுரப்பி வீங்கலாம். இதுவே முன்கழுத்துக் கழலை. அயோடின் பற்றாக்குறை இதற்கு ஒரு காரணம் என்பதால் இந்தியா 1962இல் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. தைராய்டு கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. ஆனாலும் கட்டி வேகமாகப் பெரிதானாலோ, குரல் மாறினாலோ, விழுங்கவும் மூச்சுவிடவும் சிரமப்பட்டாலோ உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

எளிதில் தவறவிடப்படுபவர்கள்

முதியவர்களிடம் மேற்கண்ட அறிகுறிகள் தெளிவாகத் தெரிவதில்லை. சீரற்ற இதயத்துடிப்பு மட்டுமோ, மறதி மட்டுமோ தென்படலாம். முதுமையின் இயல்பு என்று அதை ஒதுக்கிவிடும் வாய்ப்பு அதிகம். பச்சிளங்குழந்தைகளிடம் நீடிக்கும் மஞ்சள் காமாலை, பால் குடிக்கத் திணறல், பெருத்த நாக்கு, மலச்சிக்கல் ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். பிறந்த சில நாள்களில் எடுக்கும் ரத்தப் பரிசோதனையிலேயே தைராய்டு குறைபாட்டைக் கண்டறிந்து மருந்து தொடங்கினால் மூளை வளர்ச்சி பாதிக்கப்படாமல் காக்கலாம்.

உறுதிசெய்வது எப்படி?

அசதியும் முடி உதிர்தலும் ரத்தசோகையிலும் வரும். படபடப்பு பதற்றத்தாலும் வரும். ஒற்றை அறிகுறியை வைத்து முடிவுக்கு வர முடியாது. பல அறிகுறிகள் சேர்ந்து வாரக்கணக்கில் நீடித்தால் தைராய்டைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். அளவைக் காட்டும் ரத்தப் பரிசோதனை தேவை. பெரியவர்களுக்கு இதன் இயல்பான அளவு லிட்டருக்கு ஏறத்தாழ 0.4 முதல் 4 மில்லி சர்வதேச அலகு வரை. ஆய்வகத்தைப் பொறுத்துச் சற்று மாறும். தைராய்டு குறைவாகச் சுரந்தால் இந்த அளவு பெரும்பாலும் கூடும். அதிகமாகச் சுரந்தால் குறையும். குடும்பத்தில் தைராய்டு கோளாறோ, முதல் வகை நீரிழிவோ உள்ளவர்கள் கருத்தரிக்கத் திட்டமிடும்போதே பரிசோதித்துக்கொள்வது நல்லது.

குறைவான சுரப்புக்குத் தரப்படும் லெவோதைராக்சின் மாத்திரையை வெறும் வயிற்றில், காபிக்கும் காலை உணவுக்கும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே விழுங்க வேண்டும். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி அவசியம். அறிகுறிகள் மறைந்துவிட்டன என்று மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தக் கூடாது.