சூடும் பதமும்

துன்பம் வந்தால் விசுவாசம் தானாக வளரும் என்று நாம் எளிதில் சொல்லிவிடுகிறோம், நண்பர்களே! உலோகவியல் பயிலும் எனக்கு அதில் ஐயம் உண்டு. எஃகைக் காய்ச்சி மெல்ல ஆறவிட்டால் மென்மையாகிவிடும். சட்டென்று நீரில் தோய்த்தால் கடினமாகும். ஆனால் அடித்தால் நொறுங்கும். மறுபடி அளவாகச் சூடேற்றிப் பதப்படுத்தினால்தான் வேலைக்கு உதவும். சூடு மட்டும் போதாது.

நான் தங்கியிருக்கும் சிஞ்ச்வட்டிலிருந்து இரயிலில் புனே சென்று, தவுண்ட் வண்டியில் மாறினால் வழியில் கேட்காவ் என்னும் ஊர் வரும். பண்டித ரமாபாய் நிறுவிய முக்தி இல்லம் அங்கேதான் இருக்கிறது. 1858-இல் பிறந்த அவர், 1870-களில் சென்னை மாகாணத்துப் பஞ்சத்தில் பெற்றோரை இழந்தார். (நம் நாட்டுப் பசியின் கதையை மராட்டிய மண்ணில் நான் அறிந்தது விந்தையே.) அந்தப் பசி அவர் பக்தியை வளர்க்கவில்லை, பிறந்த மதத்தில் கொண்டிருந்த பற்றையே தளர்த்தியது. இதை மறைப்பானேன்? 1880-இல் தமையனும் 1882-இல் கணவரும் மாண்டனர். 1883-இல் இங்கிலாந்தில் ஞானஸ்நானம் பெற்றார்.

1896-97-இல் மத்திய மாகாணங்களில் பஞ்சம் தலைவிரித்தாடியது. ரமாபாய் நேரில் சென்று, பட்டினியால் வாடிய சிறுமியரையும் விதவைகளையும் நூற்றுக்கணக்கில் அழைத்து வந்தார். பசி என்பது என்னவென்று அவருக்கு எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பழைய துன்பம் பதம் பெற்றது இங்கேதான் என்பது என் எண்ணம்.

1921-இல் ஒரே மகள் மனோரமாவும் மறைந்தார். எபிரேய, கிரேக்க மூலங்களிலிருந்து வேதாகமத்தை மராத்தியில் பெயர்க்கும் பணியை ரமாபாய் அப்போதும் விடவில்லை. அதை முடித்து, 1922 ஏப்ரலில் கண்மூடினார். அந்நூலுக்கு அச்சுக் கோத்தவர்கள் அவர் இல்லத்துப் பெண்களே.