ஊரும் எண்ணும் – 9: அந்த ஒரு ஒன்று

2019 ஜூலை 1. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் அனந்தசரஸ் குளத்திலிருந்து எழுந்தருளிய அத்திமரப் பெருமாளான அத்திவரதர் அன்றுதான் பக்தர்களுக்குக் காட்சி தரத் தொடங்கினார். ஜூலை முழுக்கச் சயனக் கோலம், ஆகஸ்ட் பிறந்ததும் நின்ற கோலம். ஆகஸ்ட் 17 அன்று மறுபடி குளத்துக்குள் போய்விட்டார். மொத்தம் 48 நாள், சரியாக ஒரு மண்டலம்.

சரியாகத்தானா? கழித்துப் பார்த்தால் வம்பு வருகிறது. அந்த ஆண்டில் ஜூலை 1 என்பது 182-ஆவது நாள். ஆகஸ்ட் 17 என்பது 229-ஆவது நாள். 229-இல் 182 போனால் 47. மண்டலத்தில் ஒரு நாளைக் காணோம்!

காணாமல் போனது ஜூலை 1-தான். 182-ஐக் கழிக்கும்போது அந்த நாளும் சேர்ந்தே கழிந்துவிடுகிறது. அதை மீட்டுச் சேர்த்தால் 48. பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் கூட்டுத் தொடர்வரிசைப் பாடம் சொல்வதும் இதையேதான்: கடைசி உறுப்பிலிருந்து முதல் உறுப்பைக் கழித்து, பொது வித்தியாசத்தால் வகுத்து, ஒன்றைக் கூட்டினால் உறுப்புகளின் எண்ணிக்கை. சூத்திரத்தை ஒப்பிக்கிற பிள்ளைகளில் பலர், அந்த ஒன்று எதற்கு என்று கேட்டால் விழிப்பார்கள். அதே கோயிலின் நூற்றுக்கால் மண்டபத்துக்கு அழைத்துப்போய்க் காட்டலாம். வரிசையாகப் பத்துத் தூண் நின்றால் நடுவே இடைவெளி ஒன்பதுதான். கழித்து வகுத்தால் கிடைப்பது இடைவெளிக் கணக்கு. தூண் வேண்டுமென்றால் ஒன்று கூட்ட வேண்டும். (நூற்றுக்கால் மண்டபத்தில் இருக்கும் தூண்கள் 96. அதற்கும் இந்தச் சூத்திரத்துக்கும் சம்பந்தமில்லை. பெயர் வைத்தவர்கள் தாராள மனசுக்காரர்கள்.)

இந்த ஒன்று ரோமாபுரியையே ஆட்டிவைத்திருக்கிறது. ஜூலியஸ் சீசரின் நாட்காட்டி கி.மு. 45-இல் நடைமுறைக்கு வந்தது. நான்கு ஆண்டுக்கு ஒரு மிகைநாள் என்பது ஏற்பாடு. அடுத்த ஆண்டே சீசர் கொலையுண்டார். நாட்காட்டியைப் பார்த்துக்கொண்ட பூசாரிகள், மிகைநாள் வந்த ஆண்டையும் ஒன்றாக எண்ணியதால், மூன்று ஆண்டுக்கு ஒன்று என்று சேர்த்துவிட்டார்கள். 36 ஆண்டுகளில் 9 வரவேண்டிய இடத்தில் 12. மிகுதியான நாட்களைச் சரிக்கட்ட, பேரரசர் அகஸ்டஸ் சில ஆண்டுகளுக்கு மிகைநாளையே நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று.

நம் பக்கத்தில் ஆரியபட்டர் இன்னும் கடினமான கேள்வியைக் கையில் எடுத்தார். கடைசி உறுப்பு தெரியாது. அதற்குப் பதில் கூட்டுத்தொகை தெரியும். உறுப்புகள் எத்தனை? கி.பி. 499-ஐச் சேர்ந்த ஆரியபட்டீயத்தின் கணித பாதத்தில் இதற்கு வழி இருக்கிறது. வர்க்கமூலம் எல்லாம் எடுத்து, பொது வித்தியாசத்தால் வகுத்த பிறகு, அங்கேயும் ஒன்றைக் கூட்டிவிட்டுத்தான் பாதியாக்கச் சொல்கிறார்.

அத்திவரதரை ‘நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை’ என்று ஊரே சொல்கிறது. அவர் வெளிவந்த ஆண்டுகளாகச் சொல்லப்படுபவை 1892, 1937, 1979, 2019. இடைவெளிகள் 45, 42, 40. சூத்திரத்தில் போட்டால், 127-ஐ 40-ஆல் வகுத்து ஒன்று கூட்ட, நாலேகாலுக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. கால்வாசி தரிசனம் என்று ஒன்று உண்டா? பின்னம் வந்தாலே, கொடுத்த எண்கள் ஒரே கூட்டுத் தொடர்வரிசையில் இல்லை என்று பொருள். சராசரி எடுப்பதிலும் சறுக்கல் காத்திருக்கிறது. தரிசனம் நான்காயிற்றே என்று 127-ஐ நான்கால் வகுத்தால் ஏறத்தாழ 32 ஆண்டு என்று வரும். மூன்று இடைவெளியால் வகுத்தால்தான் 42 ஆண்டும் சில மாதமும் என்ற உண்மையான சராசரி.

கோயிலிலிருந்து அதே ஊரின் பிள்ளையார்பாளையத்து நெசவுத் தறிக்கு வந்தால் இதே கணக்கு காசாக மாறிவிடும். சேலையின் உடலில் 12-ஆவது அங்குலத்தில் முதல் புட்டா (ஜரிகைப் பூ) வரிசை. பிறகு 5 அங்குலத்துக்கு ஒன்று. கடைசி வரிசை 187-இல் என்று வைத்துக்கொள்வோம். 175-ஐ 5-ஆல் வகுத்து 35 என்று ஜரிகை வாங்கினால், முந்தானையை எட்டுவதற்குள் ஒரு வரிசைக்கு ஜரிகை போதாது. வேண்டியது 36 வரிசை. வரிசைக்கு எட்டு புட்டா என்றால் எட்டு பூவுக்குத் துண்டு விழும்.

வாசகர்களுக்கு ஒரு கணக்கு. முதல் வரிசை 9-ஆவது அங்குலத்தில். 7 அங்குலத்துக்கு ஒன்று. உடல் 190-ஆவது அங்குலத்தில் முடிகிறது. வகுத்தால் மீதி வரும், மிரள வேண்டாம். மொத்தம் எத்தனை வரிசை, கடைசி வரிசை எந்த அங்குலத்தில் விழும்? விடை அடுத்த இதழில்.